ஏ.எல். முடித்து உளவியல் படிக்க நினைக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு

ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் நாள் என்று கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வருவேன். பேசி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். "அக்கா, சைக்கோலஜி படிக்க பயோ செய்திருக்கணுமா?" என்பது முதல் கேள்வி. "இங்கிலீஷ் சரியா வராட்டி ஏலாதா?" என்பது இரண்டாவது. மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், "கெம்பஸ் கிடைக்காட்டி வேற வழி இருக்கா?" இந்த மூன்றுக்கும் ஐந்து நிமிடத்தில் நின்றுகொண்டே பதில் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்த வேலையை நினைக்கிறீர்கள் என்று பாருங்கள்

நம் பக்கத்தில் மனம் சம்பந்தமான எல்லாரையும் ஒரே பெயரில் "மனநல டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் மூன்று வேறு ஆட்கள், மூன்றுக்கும் வழி வேறு. மருந்து எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர். அவர் உயர்தரத்தில் உயிரியல் செய்து, மருத்துவபீடம் போய், டாக்டராகி, அதற்கு மேல் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மனநல மருத்துவம் படித்தவர். அந்த வேலைதான் வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தாது, பயோ ஆசிரியரிடம் போங்கள். உளவியலாளர் என்பவர் உளவியலில் பட்டம் பெற்று, அதற்கு மேலும் படித்தவர். உளவளத்துணையாளர் என்பவர் கதை கேட்டு, பேசி, ஒருவர் தன் பிரச்சினையைத் தானே கையாளத் துணை நிற்கிறவர். அவருக்கு டிப்ளோமா வழியும் உண்டு, பட்ட வழியும் உண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான்கு வருடம் கழித்துத் தெரிந்து மனம் உடைய வேண்டாம். உளவியலில் முதல் பட்டம் முடித்தவுடனே நீங்கள் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்கிற உளவியலாளர் ஆகிவிட மாட்டீர்கள். அதற்குப் பட்டத்துக்குப் பிறகு சிகிச்சை உளவியலில் முதுநிலைப் படிப்பும் வைத்தியசாலைப் பயிற்சியும் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்தும் எம்.பில். என்ற முதுநிலைப் பட்டம் அந்த வகை. பட்டம் என்பது அந்த வாசலுக்குப் போகும் பாதை. பட்டத்தோடு நிற்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாடசாலை, சமூக சேவைப் பக்கம், தொண்டு நிறுவனங்கள், கம்பனிகளின் மனிதவளப் பிரிவு, ஆய்வு வேலை என்று பல இடங்களில் என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓ.எல். காலத்திலேயே கவனிக்க வேண்டியது கணிதம்

ஆறு பாடச் சித்தி, அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்று திறமைச் சித்தி. உயர்தரம் போக இவ்வளவு போதும். ஆனால் "எப்படியும் ஆர்ட்ஸ்தானே போகப் போகிறேன்" என்று கணிதத்தைச் சாதாரண சித்தியோடு மறந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. உளவியல் பட்டத்தில் புள்ளிவிபரவியல் வருகிறது, நல்லாவே வருகிறது. சராசரி, சதவீதம், வரைபு, எளிய சமன்பாடு, இவை கையில் இருந்தால் பயப்பட எதுவும் இல்லை.

உயர்தரத்தில் எந்தப் பிரிவு?

நம் நாட்டு உயர்தரப் பாடத்திட்டத்தில் உளவியல் என்று ஒரு பாடமே இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். அதாவது கொழும்பிலிருந்து வரும் பிள்ளையும் பொகவந்தலாவையிலிருந்து வரும் பிள்ளையும் உளவியலின் முதல் விரிவுரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் உட்காருகிறார்கள்.

பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற அரச பல்கலைக்கழகங்களில் உளவியல் கலைப்பீடத்துக்குள் இருக்கிறது. ஆகவே கலைப்பிரிவுதான் நேர்வழி, பயோ தேவையில்லை. விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலையில் படிக்கிறோமே என்று ஏங்குகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாடத் தெரிவு என்று கேட்டால் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தை எடுக்கச் சொல்வேன், ஒரு கருத்தை எப்படிச் சோதிப்பது என்று அதில் படிப்பது பிறகு ஆய்வு முறையியலில் அப்படியே உதவும். புவியியல், பொருளியல் இரண்டிலும் எண்களோடு பழகலாம். ஆனால் ஆசிரியர் இல்லாத பாடத்தை என் பேச்சைக் கேட்டு எடுத்துவிடாதீர்கள். உங்கள் பாடசாலையில் யார் நல்லாகப் படிப்பிக்கிறார், எதில் உங்களுக்கு ஏ வரும் என்பதுதான் முதலில். எந்த மூன்று பாடங்கள் சேர்ந்தால் கலைப்பீடத்துக்குச் செல்லுபடியாகும் என்ற விதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பில் சேர்கிற வாரமே அதைப் பாருங்கள்.

குறைந்தபட்சத் தகுதி இவ்வளவுதான்: மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி. அந்த 30ஐ யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் மூன்று ஏ இருந்தும் பயன் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் உயர்தரம் எழுதலாம் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளுங்கள், அது உளவியலின் முதல் பாடம்

ரிசல்ட் வந்த நாளில் எல்லாரும் இசட் புள்ளியைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் அது எப்படி வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இதுதான் அளவுகோல். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்கிறார்கள். நியம விலகல் என்றால் பிள்ளைகளின் புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு பாடத்தில் உங்களுக்கு 68, சராசரி 50, நியம விலகல் 12. அப்போது 18ஐ 12ஆல் வகுக்க 1.5. இன்னொரு பாடத்தில் 75 எடுத்திருக்கிறீர்கள், ஆனால் அங்கே சராசரி 65, நியம விலகல் 10, ஆகவே 1.0. பார்த்தீர்களா, 75ஐ விட 68 பெரிய புள்ளியாகிவிட்டது! மூன்றாவது பாடத்தில் 0.8 என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 1.1. அதுதான் உங்கள் இசட் புள்ளி. "லேசான பாடம் எடுத்தால் கெம்பஸ் போகலாம்" என்ற டியூஷன் வாசல் பேச்சு ஏன் பிழை என்று இந்தக் கணக்கு சொல்கிறது, எல்லாருக்கும் லேசாக இருந்தால் சராசரியும் மேலே போய்விடும். இதே இசட் புள்ளியைப் பட்டப்படிப்பின் தொடக்கத்திலேயே மறுபடியும் சந்திப்பீர்கள், அப்போது நுண்ணறிவுப் பரீட்சையில் ஒரு பிள்ளையின் புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்க்க.

வெட்டுப்புள்ளி மாவட்ட வாரியாக வரும். பொதுவான விதி, இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, கண்டியும் மாத்தளையும் இல்லை. சில கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் தகுதி மட்டும்தான் பார்ப்பார்கள், எது எந்த விதியில் வருகிறது என்று கைந்நூலில் பாருங்கள். போன வருட வெட்டுப்புள்ளி அட்டவணையை எடுத்து உங்கள் மாவட்டத்தின் வரிசையை மட்டும் பாருங்கள், கொழும்பு மாவட்டத்துப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட்டுப் பயந்துபோக வேண்டியதில்லை.

கடதாசி வேலை: நம் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம்

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பாடசாலைப் பதிவேட்டில் மூன்றாவது மாதிரி. தோட்டத்தில் பிறந்த பலருக்கு இப்படித்தான், பதிவு செய்தவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார், அதுவும் வேறு மொழியில். நான் சான்றிதழ்களைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு தடவையும் வேறொரு கடதாசி கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அம்மா கொழுந்துக்குப் போகாமல் என்னோடு வந்தார், அந்த மூன்று நாள் பேர் விழவில்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. பதினைந்து வயதில் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

ஆகவே இன்று வீட்டில் இருக்கிற எல்லாக் கடதாசியையும் ஒரு மேசையில் பரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஓ.எல். பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், அம்மா அப்பாவின் அடையாள அட்டைகள். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், பிறந்த திகதியையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தம் கேளுங்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் பரீட்சைக்கு முன்னாலேயே தொடங்குங்கள். சின்ன வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக் கடதாசியைச் சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாலகம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசியுங்கள். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாததால் தோட்ட முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்துவிட்டுக் கடைசி நாளுக்குப் பிறகு கைக்கு வந்த கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. நம்பிக்கையான ஒரு டவுன் முகவரியும், மாற்றாமல் வைத்திருக்கும் ஒரு போன் இலக்கமும், நீங்களே திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சலும் வேண்டும். இன்டர்நெட் கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பம்

ரிசல்ட் வந்து மறுபரிசீலனை எல்லாம் நடக்கிற காலத்தை ஒட்டி ஆணைக்குழு விண்ணப்பம் கோரும், இணையத்தில்தான் நிரப்ப வேண்டும், கால அவகாசம் சில வாரங்களே. கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குறியீடு இருக்கும், அவற்றை விருப்ப ஒழுங்கில் போட வேண்டும். ஒழுங்கு ரொம்ப முக்கியம்: உங்கள் புள்ளி எட்டுகிற முதல் தெரிவு கிடைக்கும், அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்க மாட்டார்கள். உளவியல் படிக்க ஆசை என்றால் உளவியல் பாடம் இருக்கிற கலைப்பீடங்களை மேலே போடுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் பதுளையின் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை உளவியலுக்காகப் போட வேண்டாம், அங்கே அந்தப் பட்டம் இல்லை.

எங்கே படிக்கலாம்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பிள்ளைகளுக்குப் பேராதனைதான் மனதில் முதலில் வரும். ரயிலேறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். அங்கே ஒரு விஷயம்: கலைப்பீடத்துக்குள் போனவுடனே உளவியல் மாணவர் ஆகிவிட மாட்டீர்கள். முதல் வருடத்தில் பல பாடங்களில் ஒன்றாக உளவியலை எடுக்க வேண்டும், பிறகு முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள், இடமும் குறைவு. ஆகவே "உள்ளே வந்துவிட்டோம்" என்று முதல் வருடத்தைக் கொண்டாடிக் கழிக்கிறவர்கள் அந்த வாசலில் நின்றுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்: எந்த மொழியில் விரிவுரை, எத்தனை பேரைச் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பார்கள், என்ன தரம் வேண்டும்.

சாதாரண பட்டத்துக்கும் சிறப்புப் பட்டத்துக்கும் இருக்கும் வித்தியாசம் பேரில் மட்டும் இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் மட்டம், 90 திறமைப்புள்ளி. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120. ஒரு திறமைப்புள்ளி என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியால உழைப்பு. மேற்படிப்புக்கு, அதுவும் சிகிச்சை உளவியலுக்கு, போக நினைப்பவர்கள் சிறப்புப் பட்டத்தையே குறி வைக்க வேண்டும்.

இசட் புள்ளி எட்டவில்லையா? திறந்த பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடத்தில் உளவியலில் விஞ்ஞானமாணி சிறப்புப் பட்டம் இருக்கிறது. அது அரச பல்கலைக்கழகம், அதன் பட்டத்தை யாரும் இரண்டாம் தரமாகப் பார்க்க முடியாது. கட்டணம் உண்டு, மொழி ஆங்கிலம். பொல்கொல்லையில் கண்டிப் பிராந்திய நிலையம், பதுளையில் ஒன்று, ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கற்கை நிலையங்கள். வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம், ஆனால் எந்த வகுப்பு எந்த நிலையத்தில் நடக்கும், எதற்கெல்லாம் நாவலையிலுள்ள தலைமை வளாகத்துக்கே போக வேண்டும் என்று சேருமுன் கேட்டு, பஸ் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பணம் கட்டிப் படிக்கும் இடங்கள்

கண்டியிலும் கொழும்பிலும் இவற்றின் விளம்பரப் பலகை நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் கட்டிவிட்டு, இரண்டு வருடம் கழித்துத்தான் அறிந்தாள், அவள் படித்தது பட்டமே இல்லை என்று. அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் மறக்க முடியாது. தயவுசெய்து ஒரு சதம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: பட்டத்தை யார் வழங்குகிறார்? உள்நாட்டு நிறுவனம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அனுமதி இருக்கிறதா, அதுவும் இந்தப் பட்டத்துக்கே இருக்கிறதா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அதை நம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? எத்தனை திறமைப்புள்ளி, ஆய்வுக் கட்டுரை உண்டா, இடையில் விலகினால் பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் கேளுங்கள், எழுதித் தர மறுக்கிற இடத்தில் படிக்க வேண்டாம்.

உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள்

மனிதர்களின் மனதைப் பார்த்ததும் வாசிக்கப் பழகலாம் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஏமாறுகிறார்கள். உளவியல் ஓர் ஆய்வு விஞ்ஞானம். வில்ஹெல்ம் வூண்ட் 1879இல் லைப்சிக்கில் ஆய்வுகூடம் தொடங்கியதையே அதன் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். மூளையும் நரம்பும், பிள்ளை வளர்ச்சி, கற்றல், ஞாபகம், புலக்காட்சி, ஆளுமை, சமூக உளவியல், உளக் கோளாறுகள், அப்புறம் எல்லா வருடமும் ஏதோ ஒரு வடிவில் ஆய்வு முறையும் புள்ளிவிபரவியலும், கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு.

உங்களுக்கு இது பிடிக்குமா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். 1935இல் ஸ்ட்ரூப் என்பவர் வெளியிட்ட பரிசோதனை இது. ஒரு தாளில் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்ற சொற்களை மாறிமாறி இருபது தடவை எழுதுங்கள், ஆனால் சிவப்பு என்ற சொல்லை நீலப் பேனையால், நீலம் என்பதைப் பச்சையால் என்று பொருந்தாத நிறத்தில். இன்னொரு தாளில் அதே நிறங்களில் வெறும் கோடுகள். தம்பி தங்கச்சி, பக்கத்து லயத்துப் பிள்ளைகள் என்று பத்துப் பேரைப் பிடித்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லி, போனில் நேரம் பாருங்கள். சொல் எழுதிய தாளுக்குக் கூடுதல் நேரம் எடுப்பார்கள், வாயில் சொல்லே முந்திக்கொண்டு வரும். பத்துப் பேரின் நேரத்துக்கும் சராசரி எடுங்கள். அப்புறம் உங்களுக்குள் கேள்வி வருகிறதா என்று பாருங்கள்: இன்னும் எழுத்துக் கூட்டாத சின்னப் பிள்ளைக்கும் இப்படி ஆகுமா, தமிழை விடச் சிங்களத்தில் வேகமாக வாசிக்கிறவருக்கு எந்த மொழித் தாள் கூடக் குழப்பும்? இந்தக் கேள்விகள் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் நீங்கள் உளவியலுக்கு உரிய ஆள்.

பணத்துக்கு வழி

திறந்த பல்கலைக்கழகத்தைத் தவிர மற்ற அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, தங்கவும் சாப்பிடவும்தான் தேவை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள், 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500க்கு உயர்ந்தது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் மூலம் வரும் புலமைப்பரிசில் அறிவித்தலையும் பத்திரிகையில் கவனியுங்கள். அரச இடம் கிடைக்காதவர்களுக்கு வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் இருக்கிறது, அந்த வருடப் பட்டியலில் உள்ள நிறுவனத்துக்கும் பட்டத்துக்கும் மட்டும்தான் கிடைக்கும்.

ரிசல்ட்டுக்கும் முதல் விரிவுரைக்கும் நடுவில்

இந்த இடைவெளி நீளமானது, பல பிள்ளைகள் அதில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வேலைக்குப் போவதில் பிழையில்லை, வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலத்தை ஆங்கிலத்துக்கு என்று ஒதுக்குங்கள். விரிவுரை தமிழில் கிடைத்தாலும் ஆய்வுக் கட்டுரைகளும் நல்ல நூல்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. என் வழி எளிது: ஒரு கொப்பியை எடுத்து இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் நம் கலைச்சொல். அறிகை, ஊக்கல், மனவெழுச்சி, புலக்காட்சி, நடத்தை என்று நாளுக்கு மூன்று. கீழே அந்தச் சொல்லை வைத்து நம் தோட்டத்து வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம். ஒரு வருடத்தில் ஆயிரம் சொல் தாண்டிவிடும்.

அந்த வலப்பக்கத்தைக் கடமைக்கு நிரப்பாதீர்கள். நம் அம்மாமார் "மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை கனக்குது", "கை கால் ஓடல" என்று உடம்பை வைத்துத்தான் சொல்கிறார்கள். இதைக் கேட்டவுடனே விளங்கிக்கொள்ளும் ஆள் மலைநாட்டு வைத்தியசாலைகளில் போதாது. எந்த அனுமதிக் கைந்நூலிலும் இந்தத் தகுதியைக் கேட்க மாட்டார்கள், ஆனால் நாளைக்கு உங்கள் முன்னால் வந்து உட்காரும் அந்தத் தாய்க்கு அதுதான் முதலில் தேவைப்படும். ஆகவே இப்போதிருந்தே அப்படிப்பட்ட சொற்களை அதே கொப்பியின் கடைசிப் பக்கங்களில் சேர்த்து வையுங்கள், யார் சொன்னார் என்ற பெயரை மட்டும் எழுதாமல். இதற்கிடையில் உங்களுக்கோ தெரிந்தவருக்கோ மனம் தாங்காத நிலை வந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம், அந்த இலக்கத்தைக் கொப்பியின் முன்னட்டையில் பெரிதாக எழுதிவையுங்கள்.